மணலில் கிடைத்த உலோகமும் மனிதர் இரத்தக் குழாயும்

செஞ்சிக் கோட்டைக்கு வருகிறவர்கள் ராஜகிரியின் உயரத்தைக் கண்டு மலைத்து, ராஜா தேசிங்கின் கதையைக் கேட்டு உருகி, கல்யாண மஹாலின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம் பெற்றது செஞ்சி ஒன்றே. அந்தப் பெருமையைப் பற்றிப் பேசுகிறவர்கள்கூட, கல்யாண மஹாலுக்கு நீர் வந்த வழியைக் கவனிப்பதில்லை. சுட்ட மண் குழாய்களைப் பூமிக்கடியிலும் சுவருக்குள்ளும் புதைத்து, அவற்றின் வழியாக அங்கே நீரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். குழாயில் எங்கேனும் அடைப்பு ஏற்பட்டால் அன்றைய கொத்தனார் என்ன செய்திருப்பார்? வெளியில் நின்று பார்த்தால் சுவர்தான் தெரியும். இடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இருந்திராது.

மனித உடம்பைப் பொறுத்த மட்டில் வைத்தியர்களும் வெகுகாலம் அந்தக் கொத்தனாரின் நிலையில்தான் இருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே இரத்தக் குழாய் அடைபட்டிருக்கிறது என்பது பாதம் குளிர்ந்து விரல் கறுத்துப் போவதிலிருந்து தெரியும். எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்கு அடைப்பு, அதற்கு அப்பால் இரத்தம் ஓடுகிறதா என்பவை தெரியமாட்டா. அவை தெரிந்தால் காலைக் காப்பாற்றலாம். தெரியாவிட்டால் வெட்டியெடுக்க நேரும். நீரிழிவு நோய் நம் கிராமங்களிலும் புகுந்துவிட்ட இந்தக் காலத்தில் இது யாரோ சிலருடைய கவலை அன்று. செஞ்சித் தாலுகாவிலிருந்து முண்டியம்பாக்கத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ காலில் ஆறாத புண்ணோடு போகிறவர்களைப் பஸ்ஸில் பார்க்காத நாள் குறைவு.

அப்படிப் போகிறவர்களிடம் "டை போட்டு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும்" என்று சொல்லி ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். சிலர் "கான்ட்ராஸ்ட் ஊசி" என்பார்கள். டை என்றால் சாயம். ஆனால் இந்த மருந்தில் சாயம் ஏதும் இல்லை. தண்ணீரைப்போல் தெளிவாக இருக்கும். அதில் இருப்பது ஓர் உலோகம். அதன் பெயர் காடோலினியம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு வழக்கமாகச் செலுத்தும் பன்னிரண்டு மில்லிலிட்டர் மருந்தில் ஏறக்குறைய ஒரு கிராம் காடோலினியம் அடங்கியிருக்கிறது. ஓர் உலோகத்தைக் கிராம் கணக்கில் இரத்தத்தில் செலுத்தலாமா, செலுத்தினால் அது திரும்பி வந்துவிடுமா என்னும் கேள்விதான் இந்த மருந்தின் சரித்திரம் முழுவதும். இதற்கு முந்திய ஒரு கதையும் உண்டு. இரண்டு கதைகளிலும் நம் தென்கோடிக் கடற்கரை மணலுக்குச் சம்பந்தம் இருப்பதால் அதையும் சொல்லவேண்டும்.

கடற்கரை மணல்

குமரி மாவட்டத்தில் மணவாளக்குறிச்சி என்னும் ஊர் இருக்கிறது. அந்தப் பகுதி 1956-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி நம் மாகாணத்தோடு சேரும் வரையில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. அங்கிருந்து ஐரோப்பாவுக்குத் தேங்காய் நார்க் கயிறு கப்பலேறும். 1909-ல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய ரஸாயனர், அந்தக் கயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சள் நிற மணல் துகள்களைச் சோதித்து, அவை மோனஸைட் என்னும் அரிய கனிமம் என்று கண்டார். கயிற்றைவிட அதில் ஒட்டிய மணலுக்கு விலை அதிகம் என்பது அன்றுதான் வெளியாயிற்று. மோனஸைட்டில் தோரியம் இருக்கிறது. வாயு விளக்கின் வலைக்கு அக்காலத்தில் அதுதான் தேவை. நம் கடற்கரை மணல் கப்பல் கப்பலாகப் போய், ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் விளக்காக எரிந்தது. நம் கிராமங்களில் அப்போது எரிந்தது ஆமணக்கெண்ணெயும் மண்ணெண்ணெயும்.

தேசம் விடுதலை பெற்றபின், 1950-ல் இந்த மணலுக்கென்றே அரசாங்கம் இந்தியன் ரேர் எர்த்ஸ் என்னும் கம்பெனியைத் தொடங்கிற்று. 1952-ல் ஆலுவாவில் அதன் தொழிற்சாலை வேலை ஆரம்பித்தது. மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை இன்றும் நடக்கிறது. மணல் எடுப்பதால் கடற்கரைக் கிராமத்தாருக்கு நேரும் துன்பங்கள் தனிக் கட்டுரைக்கு உரியவை. இங்கே நமக்கு வேண்டியது ஒன்றே. அந்த மணலில் தோரியத்தோடு, அருமண் உலோகங்கள் என்று சொல்லப்படும் பதினைந்துக்கு மேற்பட்ட உலோகங்கள் கலந்திருக்கின்றன. அவற்றுள் மிகச் சிறிய பங்காக இருப்பது காடோலினியம்.

முதலில் இரத்தக் குழாய்க்குள் போனது தோரியம். 1927-ல் லிஸ்பன் நகரில் ஏகஸ் மோனிஸ் என்னும் வைத்தியர், கழுத்து நாடியில் அயோடின் உப்பைச் செலுத்தி மூளையின் இரத்தக் குழாய்களை எக்ஸ்-ரே படமாக எடுத்துக் காட்டினார். அந்த உப்பு நோயாளிக்கு வேதனை தந்தது. அதற்குப் பதிலாக 1930-ஐ ஒட்டித் 'தோரோட்ராஸ்ட்' என்னும் மருந்து வந்தது. அது தோரியம் ஆக்ஸைடின் நுண்துகள். உடனே வலியில்லை, வாந்தியில்லை. படம் வெகு தெளிவு. மோனிஸும் அதற்கு மாறினார். உலகமெங்கும் லக்ஷக்கணக்கானோருக்கு அது செலுத்தப்பட்டது. குறை ஒன்றுதான் இருந்தது. உடம்பை விட்டு அது வெளியே போகவில்லை. ஈரலிலும் மண்ணீரலிலும் குடியேறி, ஆயுள் முழுவதும் கதிர்களை வீசிக்கொண்டிருந்தது. இருபது முப்பது வருஷங்களுக்குப் பிறகு அவர்களில் பலருக்கு ஈரலில் புற்றுநோய் கண்டது. ஊசி போட்ட வைத்தியரே ஓய்வு பெற்றுப் போயிருப்பார். நோயாளிக்கும் அந்த ஊசியின் நினைவு இருந்திராது. உடனே தீங்கு தெரியாத மருந்தைக் குற்றமற்றதென்று எண்ணிவிட்டார்கள்.

காந்தத்தின் முன் ஒரு டிரில் வகுப்பு

காடோலினியத்தின் வேலையை அறிய எம்.ஆர்.ஐ. எப்படிப் படமெடுக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இதில் எக்ஸ்-ரே இல்லை. நோயாளி ஒரு பெரிய காந்தத்தின் குகைக்குள் படுத்துக்கொள்கிறார். பெரும்பாலான ஆஸ்பத்திரிகளிலுள்ள காந்தத்தின் பலம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்த பலத்தைப்போல் முப்பதினாயிரம் மடங்குக்கு மேல். நம் உடம்பில் பெரும் பகுதி நீர். நீரில் ஹைட்ரஜன் உண்டு. அந்த ஹைட்ரஜன் அணுவின் கரு ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய காந்தப் பம்பரம். பெரிய காந்தத்தின் முன் அவற்றுள் சற்று அதிகமானவை ஒரே திசையில் நிமிர்ந்து நிற்கின்றன.

இனி எங்கள் பள்ளிக்கூடத்து டிரில் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். டிரில் மாஸ்டர் "உட்கார்" என்கிறார், எல்லாரும் உட்காருகிறார்கள். பிறகு அவரவர் தாமாகவே எழுந்து நிற்க வேண்டும். சில பிள்ளைகள் துள்ளி எழுவார்கள். சிலர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெள்ள எழுவார்கள். மாஸ்டர் வெகு வேகமாகத் திரும்பத் திரும்ப "உட்கார்" என்று உத்தரவிட்டால், மந்தமானவர்கள் எழுவதற்கே நேரமில்லாமல் உட்கார்ந்தபடி இருந்துவிடுவார்கள். துள்ளி எழுகிறவர்கள் மாத்திரம் ஒவ்வோர் உத்தரவுக்கும் எழுந்து உட்கார்ந்து, தம்மை நன்றாகக் காட்டிக்கொள்வார்கள். எம்.ஆர்.ஐ. யந்திரத்தில் ரேடியோ அலையே டிரில் மாஸ்டரின் உத்தரவு. படுத்த பம்பரங்கள் மறுபடியும் நிமிர ஆகும் காலம் இரத்தத்தில் ஒரு விநாடிக்கு மேல். காடோலினியம் கலந்த இரத்தத்தில் அது பத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைந்துவிடும். அதனால் அலைகளை அடுத்தடுத்து வெகு வேகமாக அனுப்பினால், தசையும் மற்றவையும் மங்கிப்போக, இரத்தக் குழாய்கள் மட்டும் இருட்டில் விளக்கேற்றினாற்போல் வெண்மையாக நிற்கும்.

காடோலினியத்துக்கு இந்த வல்லமை எங்கிருந்து வந்தது? ஜோடி சேராமல் தனித்து நிற்கும் ஏழு எலெக்ட்ரான்கள் அதனிடம் இருக்கின்றன. அவையே அதைச் சுறுசுறுப்பான அணுக்காந்தமாக்கி, அருகில் வரும் நீரின் பம்பரங்களை உசுப்பிவிடுகின்றன. இப்படி உலோக உப்பு நீரை உசுப்பும் என்பது புதிய சங்கதி அன்று. 1946-ல் பெலிக்ஸ் பிளாக் என்னும் பௌதிக சாஸ்திரி இந்த அணுக்காந்த விளைவை முதன் முதலில் நீரில் சோதித்தபோதே இரும்பின் உப்பைக் கலந்து பார்த்தார். 1978-ல், எம்.ஆர்.ஐ. படத்துக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவராகிய லாட்டர்பரும் அவருடைய சகாக்களும் மாங்கனீஸ் உப்பை நாயின் இதயத்தில் சோதித்தார்கள். காடோலினியம் இவற்றைவிடப் பலமுள்ளது. ஆனால் விஷம். அதன் அயனியின் பருமன் சுண்ணாம்புச் சத்தின் அயனியை ஒத்திருப்பதால், நரம்பும் தசையும் வேலை செய்வதற்குச் சுண்ணாம்பு அயனி போக வேண்டிய வாசலை இது போய் அடைத்துவிடும்.

விஷத்தைக் கூண்டில் அடைத்துக் கொண்டுபோய்க் கூண்டோடு வெளியேற்றினால் என்ன என்பதுதான் பெர்லினிலுள்ள ஷேரிங் கம்பெனியின் விஞ்ஞானிகளுக்குத் தோன்றிய யோசனை. ஹான்ஸ்-யோகிம் வைன்மன் என்பவர் அவர்களில் முக்கியமானவர். டி.டி.பி.ஏ. என்னும் கரிமப் பொருளால் காடோலினியத்தைப் பிடித்து மருந்து செய்தார்கள். அந்த உலோகத்தைச் சுற்றிப் பிற அணுக்கள் பிடித்துக்கொள்ள ஒன்பது இடங்கள் உண்டு. எட்டு இடங்களைக் கூண்டு பிடித்துக்கொள்கிறது. ஒன்பதாவது இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டார்கள். அந்த ஒரு வாசலில் நீரின் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்து தொட்டு, விநாடிக்குப் பல லக்ஷம் தடவை மாறிக்கொண்டு போகின்றன. அப்படித் தொட்டுப் போகிற நீர்தான் படத்தில் ஒளிர்கிறது. வாசலை முழுவதும் அடைத்துவிட்டால் அபாயம் குறையும், படமும் மங்கிவிடும். வாசலை அகலத் திறந்தால் படம் பிரகாசிக்கும், உலோகம் நழுவிவிடும். இந்தத் தராசுதான் அன்று முதல் இன்று வரை இத்துறை ரஸாயனர்களின் கையில் ஆடிக்கொண்டிருக்கிறது.

1984-ல் இந்த மருந்தை மனிதருக்குச் செலுத்தி எடுத்த படங்கள் வெளியாயின. 1988-ல் 'மேக்னவிஸ்ட்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. முதலில் மூளைக் கட்டிகளைப் பார்க்கத்தான் பயன்பட்டது. இரத்தக் குழாய்க்கு அதைத் திருப்பிய பெருமை அமெரிக்க வைத்தியர் மார்ட்டின் பிரின்ஸைச் சேர்ந்தது. மருந்து நுண்குழாய்களின் சுவர் வழியாகக் கசிந்து சில நிமிஷங்களில் திசுக்களில் பரவிவிடும். நாடியில் இருப்பது போலவே சிரையிலும் வந்து நிறைந்துவிடும். அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும். மருந்து ஏறி, நாடிகளில் நிறைந்து, சிரைகளுக்கு இன்னும் வராத அந்தப் பத்து இருபது விநாடிக்குள், நோயாளி மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்போதே படம் முழுவதையும் எடுத்து முடிக்கலாம் என்று 1993-லும் அதற்கடுத்த வருஷங்களிலும் அவர் காட்டினார். தொடையில் ஊசியிட்டு நாடிக்குள் நீண்ட குழாயைச் செலுத்த வேண்டியதில்லை; எக்ஸ்-ரே இல்லை; சிறுநீரகத்துக்குச் சுமையாகும் அயோடினும் இல்லை. கையிலே ஓர் ஊசி போட்டால் போதும்.

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இது பெரிய வரமாக எண்ணப்பட்டது. அயோடின் மருந்து ஆகாதென்று சொல்லப்பட்டவர்கள் எல்லாரும் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பப்பட்டார்கள். குழாய்கள் நன்றாகத் தெரிய வேண்டுமென்று அவர்களுக்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அளவும் தாராளமாகச் செலுத்தப்பட்டது.

தோல் இறுகிய நோயாளிகள்

1997-ல் அமெரிக்காவில் டயாலிஸிஸ் செய்துகொள்ளும் சிலரிடம் இதற்குமுன் யாரும் கண்டிராத ஒரு நோய் தென்பட்டது. கால்களிலும் கைகளிலும் தோல் தடித்து மரப்பட்டைபோல் இறுகும். மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிடும். சிலர் நடக்க முடியாமல் நாற்காலியில் முடங்கினார்கள். சிலருக்கு இறுக்கம் உள்ளுறுப்புகளுக்கும் பரவி உயிரைக் கொண்டுபோயிற்று. 2000-த்தில் இந்த நோய் வைத்தியப் பத்திரிகையில் வர்ணிக்கப்பட்டது. நீரின் குற்றமா, புதிய கிருமியா, டயாலிஸிஸ் உபகரணத்தின் குற்றமா என்று ஆறு வருஷம் தேடினார்கள்.

விடை 2006-ல் ஆஸ்திரியாவிலிருந்து வந்தது. தாமஸ் குரோப்னர் என்னும் சிறுநீரக வைத்தியரிடம், சிறுநீரகம் முற்றும் கெட்ட ஒன்பது பேர் காடோலினியம் செலுத்தி இரத்தக் குழாய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஐந்து பேருக்கு இந்நோய் கண்டது. அதே வருஷம் டென்மார்க்கிலிருந்து மார்க்மன் என்பவரும் சகாக்களும் பதின்மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பதின்மூன்று பேருமே ஒரே வகைக் காடோலினிய மருந்தைப் பெற்றவர்கள்.

காரணம் தெரிந்தபின் எல்லாம் எளிதாக விளங்கிற்று. நல்ல சிறுநீரகம் இருந்தால் இரத்தத்திலுள்ள மருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். சிறுநீரகம் கெட்டவருக்கு அப்படிப் பாதியாக முப்பது மணி நேரத்துக்கு மேலாகும். அவ்வளவு காலம் கூண்டு தாங்கவேண்டும். முதலில் வந்த மருந்துகளில் கூண்டு என்று பெயரே தவிர, உண்மையில் அது இரு முனையும் விட்ட ஒரு நீண்ட கயிறு. உலோகத்தைச் சுற்றிக் கட்டியிருக்குமே அல்லாமல் முடிச்சு இல்லை. இரத்தத்திலுள்ள துத்தநாகமும் இரும்பும் மெள்ள வந்து கயிற்றைப் பற்றி இழுக்க, காடோலினியம் நழுவித் திசுக்களில் தங்கிவிட்டது. வளையமாக மூடிய மற்றொரு வகைக் கூண்டும் அப்போதே இருந்தது. பிரான்ஸில் 1989-லேயே அனுமதி பெற்ற காடோடெரேட் என்னும் மருந்து அந்த வகை. அதிலிருந்து உலோகம் வெளியேறுவது அநேகமாக இல்லை. எந்தக் கூண்டு உறுதி என்பது ரஸாயனருக்கு முன்பே தெரியும். நோயாளியின் உடம்பில் அந்த வேற்றுமை இவ்வளவு பெரிதாகுமென்பதுதான் எவருக்கும் தோன்றவில்லை.

இரத்தக் குழாயைப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கு அதிகமோ, அவர்களையே மருந்து தாக்கிற்று என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும். நீரிழிவு காலின் நாடியையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே கெடுக்கிறது. கால் கறுத்து வருகிறவருக்குச் சிறுநீரகம் நன்றாக இருப்பது அபூர்வம். ஆகவே இது எங்கோ ஒரு மூலையில் நேர்ந்த விபத்தென்று சொல்லிவிட முடியாது. மருந்தும் நோயும் சந்தித்தே தீரவேண்டிய இடத்தில் சந்தித்தன.

2007-ல் அமெரிக்க மருந்து அதிகாரிகள் கடும் எச்சரிக்கை விதித்தார்கள். அளவைக் குறைத்து, சிறுநீரகத்தைச் சோதித்து, வளையக் கூண்டு மருந்துக்கு மாறியதும் புதிய நோயாளிகள் அநேகமாக இல்லாமற் போயினர். 2014-ல் ஜப்பானியர் கான்டாவும் சகாக்களும், பல தடவை ஊசி பெற்றவர்களின் மூளையில் காடோலினியத்தின் சுவடு தெரிவதாகச் சொன்னார்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தவர்களிடமும் அது காணப்பட்டது. அதனால் தீங்கு உண்டென்று இதுவரை நிலைநாட்டப்படவில்லை. இருந்தாலும் 2017-ல் ஐரோப்பிய அதிகாரிகள் கயிற்று வகை மருந்துகள் பலவற்றின் உபயோகத்தை நிறுத்திவைத்தார்கள். தோரோட்ராஸ்ட்டின் நினைவு ஐரோப்பாவை விட்டுப் போகவில்லை போலும்.

பயமும் ஒரு நோய்தான். 2006-க்குப் பிறகு சிறுநீரகம் பலவீனமான எத்தனையோ பேருக்கு இந்தப் பரிசோதனையே மறுக்கப்பட்டது. 2021-ல் அமெரிக்கக் கதிரியல் வைத்தியர் சங்கத்தாரும் அந்நாட்டுத் தேசியச் சிறுநீரக ஸ்தாபனத்தாரும் கூடி ஆராய்ந்து, வளையக் கூண்டு மருந்துகளால் இந்நோய் வரும் அபாயம் வெகு சொற்பம், அவசியமான படத்தை இந்தப் பயத்தால் தள்ளிப்போடுவதே அதிகத் தீங்கு என்று சொன்னார்கள். ஆகவே கையெழுத்துக் காகிதம் நீட்டப்படும்போது பயந்து எழுந்துவர வேண்டியதில்லை. சிறுநீரகக் கோளாறு உண்டென்பதை மறைக்காமல் சொல்லலாம். கிரியாட்டினின் பரிசோதனைச் சீட்டைக் கையோடு கொண்டுபோகலாம். மருந்தின் பெயரைக் கேட்டு, அது வளையக் கூண்டு வகையா என்று விசாரிக்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஜனங்கள் எண்ணுகிறார்கள். வீட்டிலே படித்த பிள்ளைகள் கூடப்போய்க் கேட்டால் நல்லது. மருந்தே இல்லாமல், இரத்தத்தின் ஓட்டத்தைக்கொண்டே படமெடுக்கும் முறைகளும் இருக்கின்றன. தலைக்கு அவை நன்றாகப் பயன்படும். வளைந்து நெளிந்து மெதுவாக ஓடும் கால் நாடிகளில், சிறிய குறுகலையும் முழு அடைப்பாகக் காட்டிவிடுவதுண்டு.

இரத்தக் குழாய்க்கென்றே தனியாகப் பிறந்த ஒரு காடோலினிய மருந்தும் இருந்தது. காடோபாஸ்வெஸெட் என்று பெயர். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் ஈபிக்ஸ் என்னும் கம்பெனி அதை உருவாக்கிற்று. இரத்தத்தில் இயல்பாகவே இருக்கும் அல்புமின் என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டு அது மணிக்கணக்கில் குழாய்க்குள்ளேயே சுற்றும், கசிந்து போகாது. கனமான புரதத்தோடு சேர்ந்து மெதுவாகச் சுழல்வதால் அதன் ஒளியூட்டும் சக்தியும் பல மடங்காகும். எனவே மற்ற மருந்தில் மூன்றில் ஒரு பங்கு அளவே போதும். இருபது விநாடிக்குள் முடிக்கவேண்டும் என்ற பரபரப்பும் இல்லை. ஐரோப்பாவில் 2005-லும் அமெரிக்காவில் 2008-லும் அனுமதி கிடைத்தது. ஆனால் போதிய விற்பனை இல்லை. ஐரோப்பாவில் 2011-ல் கைவிடப்பட்டது. அமெரிக்காவிலும் சில வருஷங்களில் உற்பத்தி நின்றது. இவ்வளவு நுட்பமாகச் செய்த மருந்தை, லாபம் காணவில்லை என்பதற்காக உலகம் இழந்தது நியாயமாக எனக்குப் படவில்லை.

இப்போது ஆராய்ச்சி இரண்டு வழியில் போகிறது. கூண்டில் உலோகத்தை இன்னும் இறுக்கிப் பிடித்து, நீருக்கு ஒரு வாசலுக்குப் பதில் இரண்டு வாசல் வைப்பது ஒன்று. 2022-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காடோபிக்லினால் இந்த வகை. பழைய அளவில் பாதியே போதும். அளவு குறைவது நதிகளுக்கும் நல்லது. உடம்பிலிருந்து வெளியேறும் காடோலினியம் சாக்கடைச் சுத்திகரிப்பையும் தாண்டி ஆற்றில் கலக்கிறது என்று ஜெர்மானிய நதிகளைச் சோதித்து 1996-லேயே எழுதியிருக்கிறார்கள்.

மற்றொரு வழி, உடம்புக்குப் பழக்கமான உலோகத்துக்கே திரும்புவது. மாங்கனீஸைப் புதிய கூண்டுகளில் அடைத்துச் சோதிக்கிறார்கள். இரும்பு இன்னும் அருகில் வந்துவிட்டது. பெருமாக்ஸிடால் என்னும் மருந்து இரும்பு ஆக்ஸைடின் நுண்துகள். சர்க்கரை போன்ற ஒரு பொருளைப் பூசியது. 2009-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது அது படமெடுக்கும் மருந்தன்று. சிறுநீரகம் கெட்டவர்களின் இரத்த சோகைக்கு இரும்புச் சத்து ஏற்றும் மருந்து. அதே துகள் பதினைந்து மணி நேரம்போல் இரத்தத்தில் சுற்றுகிறது, எம்.ஆர்.ஐ.யில் குழாய்களை வெண்மையாகவும் காட்டுகிறது. வேலை முடிந்தபின் சிறுநீரகத்தின் தயவை நாட வேண்டியதில்லை. உடம்பு அதைச் சிதைத்துத் தன் இரும்புக் களஞ்சியத்தில் சேர்த்துக்கொள்ளும். காடோலினியம் யாரைத் தாக்கிற்றோ அவர்களுக்கென்றே செய்த மருந்து இது என்பதால் வைத்தியர்களுக்கு இதில் ஆசை அதிகம். சிலருக்குத் திடீரென்று கடும் ஒவ்வாமை உண்டாகி உயிரிழந்ததால், 2015-ல் எச்சரிக்கையும் வந்தது. மெதுவாக ஏற்றி, ஏற்றியபின் பக்கத்திலிருந்து கவனிக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடக்காமல் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞான ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர்கள், டெக்ஸ்ட்ரான் பூசிய இரும்பு ஆக்ஸைடுத் துகள்களைத் தயாரித்து, விலங்குகளின் ஈரல் நோயை எம்.ஆர்.ஐ.யில் படமெடுத்து 2014-ல் வெளியிட்டார்கள். மணவாளக்குறிச்சியிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில், அருமண் உலோகம் எதுவுமின்றி வெறும் இரும்பைக்கொண்டு செய்த வேலை அது. ஈரலுக்குச் செய்ததை இரத்தக் குழாய்க்குத் திருப்ப வேண்டுமானால் துகளின் பருமனையும் மேற்பூச்சையும் மாற்றவேண்டும். பெரிய துகளை ஈரலிலுள்ள உயிரணுக்கள் சில நிமிஷங்களில் விழுங்கிவிடும். மிகச் சிறியதாய், பூச்சு நன்கு அமைந்ததாய் இருந்தால் அவற்றின் கண்ணில் படாமல் மணிக்கணக்கில் இரத்தத்தோடு சுற்றி வரும்.